குத்துச்சண்டைக் கதைகளில் தோல்வியும் பயிற்சியும்

சண்டை அனிமே என்பது, தன்னைவிட வலிமை மிகுந்த எதிரிகளை அடுத்தடுத்துச் சந்திக்கும் இளம் நாயகனின் வளர்ச்சியைச் சொல்லும் ஜப்பானிய அசைபடத் தொடர் வகையாகும். நாயகன் அடையும் தோல்வியும் அதைத் தொடரும் பயிற்சியும் இவ்வகைக் கதைகளின் முதுகெலும்பு. வடசென்னைக் குத்துச்சண்டையைப் பின்னணியாகக் கொண்டு பா. இரஞ்சித் இயக்கிய சார்பட்டா பரம்பரை (2021) திரைப்படத்திலும் இதே அமைப்பைக் காணலாம்.

தோல்வியின் பணி

இக்கதைகளில் தோல்வி, நாயகனிடம் எது குறைகிறது என்பதைக் காட்டுகிறது. ஜார்ஜ் மோரிகாவா 1989 முதல் வரைந்துவரும் ஹஜிமே நோ இப்போ கதையில், இப்போ முதல் பயிற்சிச் சண்டையில் மியாதாவிடம் தோற்கிறான். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகே மறுசண்டையில் வெல்கிறான்.

பயிற்சிக்கும் விலை உண்டு. நருட்டோ தொடரின் ராக் லீ, மாய வித்தைகள் கைகூடாததால் உடல் உழைப்பை மட்டுமே நம்புபவன். காராவிடம் தோற்கும்போது அவனது கையும் காலும் நொறுங்குகின்றன. 1968 முதல் 1973 வரை வெளிவந்த அஷிதா நோ ஜோ கதையில், ஜோவுடன் மோதுவதற்காக ரிகிஷி கடுமையாக எடையைக் குறைத்து, வென்ற பிறகு இறந்துபோகிறான். இக்கற்பனை வீரனுக்கு 1970இல் தோக்கியோவில் நடந்த இறுதி அஞ்சலியில் சுமார் 700 பேர் கலந்துகொண்டனர்.

வடசென்னைக் களம்

துறைமுகம், பெரம்பூர் பின்னி ஆலை, ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த உழைப்பாளர் குடியிருப்புகள் நிறைந்தது வடசென்னை. இங்கு சார்பட்டா, இடியப்ப நாயக்கர் போன்ற பரம்பரைகள் குத்துச்சண்டையில் போட்டியிட்டன. இங்கு பரம்பரை என்பது ஒரு வாத்தியாரின் வழியில் வரும் வீரர்களின் அணியைக் குறிக்கும். ஒருவர் தோற்றால் தலைகுனிவு அணி முழுவதற்கும் உரியது.

1970களில் நிகழும் இப்படத்தில், நாயகன் கபிலன் வேம்புலியை வெல்லும் தறுவாயில் கலவரம் மூள்கிறது; மேடையிலேயே அவன் அவமானப்படுத்தப்படுகிறான். அவனது வாத்தியார் ரங்கன் நெருக்கடி நிலைக் காலத்தில் கைதாகிறார். வழிகாட்ட ஆளில்லாத கபிலன் சாராயத்திலும் குடியிலும் சிக்கி உடலைக் கெடுத்துக்கொள்கிறான். அவனது பெரிய தோல்வி மேடைக்கு வெளியே நிகழ்கிறது.

உழைப்பே பயிற்சி

கபிலனை மீட்பது கடற்கரை. பீடி ராயப்பன் என்ற மூத்த வீரர், மீனவர் வாழ்விடத்தில் அவனுக்குப் பயிற்சி அளிக்கிறார். மணலில் ஓடியும் கடலோடு போராடியும் அவன் உடல் மீள்கிறது. இப்போவின் கதையும் இதற்கு நெருக்கமானது. தூண்டில்காரர்களைப் படகில் ஏற்றிச் செல்லும் குடும்பத் தொழிலில் சிறுவயது முதல் உதவியதால்தான் அவனுக்கு உறுதியான கால்களும் முதுகும் அமைந்தன. இரு கதைகளிலும் அன்றாடப் பிழைப்புக்கான உழைப்பே வீரனின் அடித்தளமாகிறது.

ஆசிரியரின் இடம்

ஜோவுக்கு டாங்கே, இப்போவுக்கு கமோகவா, கபிலனுக்கு ரங்கனும் ராயப்பனும் துணை நிற்கின்றனர். தோல்வி தானாக எவரையும் வளர்ப்பதில்லை. குறையைச் சுட்டிக்காட்டி மீண்டும் களத்தில் நிறுத்த ஒருவர் இருக்கும்போதே அது பாடமாகிறது. கபிலனின் வீழ்ச்சி, அப்படி ஒருவர் இல்லாத காலத்தின் விளைவு.