குழந்தை உரிமையும் காவற் கழகங்களும்

1919ஆம் ஆண்டில், முதல் உலகப் பெரும்போர் ஓய்ந்து சில திங்களே ஆகியிருந்தன. போரில் தோற்ற ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளுக்கு உணவுப்பொருள் செல்லாவண்ணம் வென்ற நாடுகள் கடல்வழியை அடைத்திருந்தன. அதனால் அந்நாடுகளின் நகரங்களிற் குழந்தைகள் பசியால் வாடி மடிந்தனர். அந்நாளில் இலண்டன் மாநகரின் டிரபால்கர் சதுக்கத்தில் எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது, எலும்புந் தோலுமாய் நின்ற ஆஸ்திரியக் குழந்தைகளின் படம் பொறித்த துண்டறிக்கைகளை வழிப்போவார்க்கு வழங்கினார். தணிக்கையாளரின் இசைவு பெறாது அவற்றை அச்சிட்டது குற்றமென அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பெற்றார். ஐந்து பவுன் தண்டமும் விதிக்கப்பெற்றார். அவர்க்கு எதிராக வழக்காடிய அரசு வழக்கறிஞரே பின்னர் அத்தொகையைத் தம் கையினின்றும் அளித்தார் என்பர். பகைவர் நாட்டுப் பிள்ளைகளும் பிள்ளைகளே என்பதை மறுக்க அவராலும் இயலவில்லை போலும்! அவ்வாண்டிலேயே அம்மையாரும் அவர்தம் தங்கையாரும் குழந்தைகளைக் காத்தற்கென ஒரு நிதிக் கழகத்தை நிறுவினர்.

பசித்த குழந்தைக்குச் சோறிடுதல் இரக்கத்தின் செயல். ஆயினும் அம்மையாரின் எண்ணம் அதனோடு அமையவில்லை. உணவும் மருந்தும் கல்வியும் குழந்தைக்குப் பிறர் இடும் பிச்சையல்ல, அதற்குரிய உரிமையே என்று அவர் கருதினார். 1923ஆம் ஆண்டில் அக்கருத்தை ஐந்து சிறு கூற்றுகளாக வகுத்தார். மறு ஆண்டில் உலக நாடுகளின் சங்கம் ஜெனீவா நகரிற் கூடி அதனை ஏற்றுக்கொண்டது. அரசுப் பதவி ஏதும் இல்லாத ஒரு பெண்மணியின் எழுத்து, அரசுகள் பல கூடிய அவையின் சாசனமாயிற்று. அரசின் உறுப்பாகாமலும் ஊதியம் நோக்காமலும் பொதுமக்கள் தாமே கூடி நடத்தும் பொதுநலக் கழகங்கள், உலகக் குழந்தைகளின் வாழ்வில் இடம்பெற்ற வரலாறு இவ்வாறு தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றிய ஐக்கிய நாடுகள் அவை, 1959ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், பத்துக் கொள்கைகள் அடங்கிய குழந்தை உரிமைச் சாற்றுரை ஒன்றை வெளியிட்டது. சாற்றுரை வேறு, உடன்படிக்கை வேறு. சாற்றுரை நல்லெண்ணத்தின் வெளிப்பாடு. அதனை ஏற்ற அரசு பின்னர் மறந்துவிடினும் கேட்பார் இலர். உடன்படிக்கையோ, அதனை உறுதிசெய்த அரசைக் கட்டுப்படுத்துவது. ஆதலின் உடன்படிக்கை ஒன்று வேண்டுமெனப் போலந்து நாடு 1978இல் முன்மொழிந்தது. அதனை வரைவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. 1983 முதல் பல நாட்டுப் பொதுநலக் கழகங்கள் ஒரு குழுவாகக் கூடி, ஒவ்வொரு விதிக்கும் சொற்களை ஆராய்ந்து அரசுப் பேராளர்க்கு வழங்கின. 54 விதிகள் கொண்ட அவ்வுடன்படிக்கை 1989 நவம்பர் 20இல் நிறைவேறியது. 1990 செப்டம்பர் 2இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. இன்று அதனை ஏற்ற தரப்புகள் 196. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1995இற் கையொப்பமிட்டும் இன்னும் உறுதிசெய்யாது நிற்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. உடன்படிக்கை ஏட்டளவில் நின்றுவிடாமற் காப்பவர் யாவர்? அரசுகளைக் கைப்பற்றிச் சிறையிடும் காவற்படை உலகில் இல்லை. குழந்தை உரிமை உடன்படிக்கை அமைத்த ஏற்பாடு இது: உறுதிசெய்த ஒவ்வோர் அரசும் முதலில் இரண்டாண்டிற்குள்ளும், பின்னர் ஐந்தாண்டிற்கு ஒரு முறையும், தன் நாட்டுக் குழந்தைகளின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி விடுத்தல் வேண்டும். அதனை ஆராய்தற்கு வல்லுநர் குழு ஒன்று உண்டு. தொடக்கத்திற் பதின்மராக இருந்த அக்குழு இப்போது பதினெண்மரைக் கொண்டது. ஆண்டில் சில முறை அவர்கள் ஜெனீவாவிற் கூடுவர்.

இவ்வேற்பாட்டில் உள்ள குறை எளிதில் விளங்கும். அறிக்கை எழுதுவது அரசு. எழுதப்படுவதும் அவ்வரசின் செயலே. தேர்வெழுதிய மாணவனிடமே அவன் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தாற் போன்றது இது. அரசுகள் பொய்யே எழுதும் என்று கூறுதல் முறையன்று. பெரும்பாலும் அவை மெய்யையே எழுதும். எழுதாது விடுவதிலேதான் குறை தங்கும். பள்ளிகள் இத்தனை, ஆசிரியர் இத்துணையர், இயற்றிய சட்டங்கள் இவையிவை என்று அறிக்கை கூறும். அப்பள்ளிக்கு ஊன்றுகோலுடன் வரும் சிறுவன் ஏறுதற்குப் படியல்லாத வழி உண்டா என்பதை அது கூறாது. சராசரிக் கணக்கு என்பது ஒரு போர்வை. நாடு முழுவதற்கும் நன்றாகத் தோன்றும் எண், மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கும், புலம்பெயர்ந்து வேலை தேடும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், சிறையிலுள்ள தாயருடன் வாழும் பிள்ளைகளுக்கும் முற்றிலும் பொருந்தாதிருக்கலாம். ஜெனீவாவில் அமர்ந்த பதினெண்மர் இவற்றை எங்ஙனம் அறிவர்?

அறியும் வழியை உடன்படிக்கையின் 45ஆம் விதி திறந்து வைத்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் முதலிய நிறுவனங்களிடம் மட்டுமன்றி, தகுதி வாய்ந்த பிற அமைப்புகளிடமும் குழு கருத்துக் கேட்கலாம் என்பது அவ்விதியின் பொருள். 'பிற' என்னும் இச்சிறு சொல்லில் பொதுநலக் கழகங்களும் அடங்கும் எனக் குழு கொண்டது. ஒரு சொல்லின் வழியே ஒரு பெருவாயில் திறந்தது எனலாம். அது முதற்கொண்டு, அரசின் அறிக்கையோடு பொதுநலக் கழகங்களின் அறிக்கையும் ஜெனீவாவிற்குச் செல்வதாயிற்று. இதனை 'மாற்று அறிக்கை' என வழங்குவர்.

மாற்று அறிக்கை என்பது வசைமொழியின் தொகுப்பன்று. அவ்வாறு எழுதப்படுவதைக் குழுவினர் பொருட்படுத்துவதுமில்லை. நல்ல மாற்று அறிக்கை அரசின் வாக்கை எடுத்து, அதனருகே நிகழ்ச்சியை வைக்கும். சட்டம் இயற்றினோம் என்று அரசு கூறுமாயின், அச்சட்டத்தின்படி எத்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன, எத்தனை முடிந்தன என்று நீதிமன்றப் பதிவுகளிலிருந்து காட்டும். பணம் ஒதுக்கினோம் எனின், ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று என்று வரவு செலவுத் திட்டத்தையே புரட்டிக் காட்டும். இத்தகைய உழைப்பு ஒருவரால் ஆவதன்று. கல்வியை அறிந்த கழகமும், மருத்துவத்தை அறிந்த கழகமும், ஊனமுற்ற குழந்தைகளுக்குத் துணைநிற்கும் கழகமும் ஒன்றுகூடி ஓர் அறிக்கையாக அளிக்கும்போதே அது வலிவு பெறும். கூட்டாகச் செய்யும் இம்முயற்சிக்கு உதவுதற்கென ஜெனீவாவிலேயே கழகங்களின் இணையம் ஒன்று 1983 குழுவின் வழித்தோன்றலாய் இயங்கி வருகிறது.

அறிக்கை சென்றபின் நடப்பது சுவையுடையது. குழு முதலிற் கதவடைத்த கூட்டம் ஒன்று நடத்தும். அங்கே அரசின் ஆட்கள் இரார். அழைக்கப்பெற்ற கழகத்தாரும் குழுவினருமே இருப்பர். கதவடைப்பதற்குக் காரணம் உண்டு. சில நாடுகளில் அரசின் குறையை வெளியுலகிற் கூறுவோர், ஊர் திரும்பியபின் இன்னலுக்கு ஆளாதல் கூடும். அஞ்சாது பேசுதற்கு அக்கதவு அரண். அங்குக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு குழு ஒரு வினாநிரலை வகுத்து அரசுக்கு விடுக்கும். விடை எழுத்தில் வந்தபின், அரசுப் பேராளர் நேரில் வந்து குழுவின்முன் அமர்ந்து மறுமொழி கூறுவர். இக்கூட்டம் எவரும் காணத்தக்கது. கழகத்தார் பின்னிருக்கையில் அமர்ந்து கேட்கலாம், பேசுதல் இயலாது. எனினும் குழுவினர் கேட்கும் வினாக்களிற் பல, தாங்கள் எழுதியனுப்பிய பக்கங்களிலிருந்தே எழுதலை அவர்கள் உணர்வர். இறுதியில் குழு தன் முடிவுரைகளை வெளியிடும்.

உடன்படிக்கையின் 12ஆம் விதி, தம்மைப் பற்றிய பொருள்களிற் கருத்துரைக்கும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது. அங்ஙனமாயின் அவர்களைப் பற்றிய அறிக்கையில் அவர்கள் குரல் இல்லாதிருத்தல் பொருந்துமோ? கழகங்கள் பல, சிறுவர் சிறுமியரையே வினவுவோராகவும் எழுதுவோராகவும் ஆக்கியுள்ளன. 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இளைஞர் சிலர் தம் தோழர்களை வினவித் தொகுத்த செய்திகளுடன் ஜெனீவா சென்று குழுவினரோடு நேரில் உரையாடினர். பெரியோர் எழுதிக்கொடுத்ததைச் சிறுவர் ஒப்பிக்கும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. அது குழந்தையின் குரலன்று, பெரியோரின் எதிரொலியே.

இம்முறையாற் பயன் விளையுமா என்பதற்குப் பிரிட்டனின் வரலாறு ஒரு சான்று. 1860ஆம் ஆண்டில் ஈஸ்ட்போர்ன் என்னும் ஊரில் ஓர் ஆசிரியர் மாணவன் ஒருவனை அடித்து, அவன் இறக்கக் காரணமானார். அவர் தண்டனை பெற்றார். ஆனால் அவ்வழக்கிலேயே நீதிபதி, தந்தையோ ஆசிரியரோ குழந்தையை அளவோடு அடித்துத் திருத்தலாம் என்னும் நெறியையும் உரைத்தார். ஒரு சிறுவனின் சாவை ஆராய்ந்த தீர்ப்பு, பின்வந்த சிறுவர்களை அடித்தற்கு அரணாயிற்று! பள்ளிகளில் இவ்வழக்கம் 1986ஆம் ஆண்டுச் சட்டம் முதலியவற்றாற் படிப்படியாக நீங்கியது, இல்லங்களில் நீங்கவில்லை.

பிரிட்டன் 1991இல் உடன்படிக்கையை உறுதிசெய்து, 1994இல் முதல் அறிக்கையை விடுத்தது. அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் கழகத்தார் நாட்டின் குழந்தைகள் நிலையைப் பற்றி விரிவானதொரு ஆய்வை வெளியிட்டனர். 1995 சனவரியில் குழு பிரிட்டனை வினவியபோது, 'அளவோடு அடித்தல்' என்னும் நெறி உடன்படிக்கைக்கு ஒவ்வாதெனக் கூறியது. அரசு அதனை ஏற்கவில்லை. இதற்கிடையே வேறொரு வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. மாற்றாந்தந்தை ஒருவர் சிறுவனைத் தோட்டக் கழியால் அடித்துத் தழும்பாக்கியும், பிரிட்டனின் சான்றாயர் அவரைக் குற்றமற்றவரென விடுத்திருந்தனர். நாட்டுச் சட்டம் அச்சிறுவனைக் காக்கத் தவறியது என 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கழகங்கள் பல கூடி, குழந்தைகளுக்கும் பெரியோர்க்கு உள்ள அதே சட்டக் காப்பு வேண்டுமெனக் கூட்டணி அமைத்தன.

2002இலும் 2008இலும் 2016இலும் குழு தன் கருத்தை மீண்டும் கூறியது. ஒவ்வொரு முறையும் கழகத்தார் அம்முடிவுரையை ஊர்க்குக் கொணர்ந்து, பாராளுமன்ற உறுப்பினர் கைகளிற் சேர்ப்பித்தனர். 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் காயம் விளைக்கும் அடிக்கு அரண் இல்லையென்றது. காயம் விளையாத அடிக்கு அரண் நின்றது. ஸ்காட்லாந்தின் மன்றம் 2019இல் அவ்வரணை முற்றும் நீக்கியது. சட்டம் 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேல்ஸ் 2022 மார்ச்சில் அவ்வழி சென்றது. இங்கிலாந்தும் வட அயர்லாந்தும் அப்போதும் செல்லவில்லை. 2023இல் குழு மீண்டும் அதனையே வற்புறுத்தியது. முதல் முடிவுரைக்கும் வேல்சின் சட்டத்திற்கும் இடையே 27 ஆண்டுகள். 1995இற் பிறந்த குழந்தை அதற்குள் வளர்ந்து பெற்றோராகியிருக்கக்கூடும். இத்துணைக் காலம் ஒரு பொருளை மறவாது பற்றி நின்றவர் தேர்தல்தோறும் மாறும் அமைச்சர் அல்லர். நான்காண்டுப் பதவியுடைய குழுவினரும் அல்லர்.

கழகங்களிடமும் குறைகள் உண்டு. நகரில் அலுவலகம் கொண்டவை சிற்றூரை அறியாதிருத்தலுண்டு. அரசின் பொருளுதவியால் வாழ்வன கடுமையாக எழுதத் தயங்கும். அயல்நாட்டு உதவி நாடுவன நிலைமையை மிகைப்படுத்தும். தாம் கண்டதும் பிறர் கூறக் கேட்டதும் வேறு என்னும் தெளிவின்றி எழுதுவோரும் உளர். இத்தகைய அறிக்கை அரசுக்கே உதவும். ஒரு பொய்யைச் சுட்டிக்காட்டி நூறு மெய்யைத் தள்ளிவிட அதற்கு இயலும். ஆதலாற் குழுவினர் கழகங்களின் கூற்றையும் அரசின் கூற்றைப் போலவே சீர்தூக்குவர்.

குழந்தை தானே குழுவிடம் முறையிடுதற்கும் ஒரு வழி பின்னர் வகுக்கப்பட்டது. 2011இல் நிறைவேறி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் துணை உடன்படிக்கை அவ்வழியைத் தருகிறது. உள்நாட்டு நீதிமன்றங்களில் நீதி கிட்டாத குழந்தையோ, அக்குழந்தையின் சார்பில் பிறரோ, ஜெனீவாவிற்கு முறையீடு விடுக்கலாம். ஆயினும் அதனைத் தனியே ஏற்ற நாடுகளுக்கே அது பொருந்தும். பிரிட்டனும் இந்தியாவும் 2024 வரையில் அதில் இணையவில்லை. அத்தகைய நாட்டுக் குழந்தையின் துயர் அக்குழுவின்முன் சென்று சேர்வதற்கு, அறிக்கை ஆராயப்படும் காலத்தை எதிர்நோக்கி யாரேனும் ஒருவர் அதனைக் கேட்டு, ஆராய்ந்து, எழுதி வைத்தல் வேண்டும்.