விருந்தாளி கேட்கிறார்

அந்தமானுக்கு விமானம் வந்து இறங்கும் இடம் லம்பா லைன். வெளியே வரும் வெளிநாட்டுக்காரர் ஆட்டோக்காரரிடம் கேட்கிறார்: "இங்கே என்ன பார்க்கலாம்?"

என்ன சொல்லலாம்?

முதலில் செல்லுலார் சிறை. வெள்ளைக்காரர்கள் 1896 முதல் 1906 வரை கட்டியது. விடுதலைக்குப் போராடியவர்களை இங்கே தனித்தனி அறைகளில் பூட்டினார்கள்.

அடுத்தது ஹேவ்லாக் தீவு. வெள்ளை மணல், பவளப் பாறை, தெளிந்த கடல். 2018-இல் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். 2024-இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. விருந்தாளிக்கு இரண்டு பெயர்களையும் சொல்ல வேண்டும்.

காட்டக் கூடாத இடமும் உண்டு. "காசு தருகிறேன், ஜாரவா மக்களைக் காட்டு. சென்டினல் தீவுக்குப் படகு விடு" என்று சிலர் கேட்பார்கள்.

ஏன் கூடாது? அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழும் பழங்குடிகள். வெளியார் கொண்டுவரும் சாதாரண நோய்கூட அவர்கள் உயிரைப் பறிக்கும். 1999-இல் ஜாரவா மக்களிடம் தட்டம்மை பரவியது. அவர்களைக் காக்க 1956 முதல் சட்டம் இருக்கிறது. அவர்களைப் படம் எடுப்பதும் குற்றம்.

2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் தடையை மீறிச் சென்டினல் தீவுக்குப் போனார். உயிரோடு திரும்பவில்லை. படகில் கொண்டுபோய் விட்டதாக மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

வாங்கிய காசு நாலு நாளில் செலவாகிவிடும். வழக்கு வந்தால் குடும்பமே அலைய வேண்டும்.

"அங்கே போகக் கூடாது ஐயா. சிறையைப் பாருங்கள், கடலைப் பாருங்கள்." இப்படிச் சொன்னால் விருந்தாளிக்கும் நல்லது, பழங்குடிக்கும் நல்லது.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊருக்கு வருபவருக்கு முதலில் எதைக் காட்டுவீர்கள்? ஏன்?