அளவில் சிறிது, மதிப்பில் நிகர்

நுழையும்முன்

அடுத்த வீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எவருக்கும் அமைவதில்லை, நாடுகளுக்கும் அவ்வாறே. ஆனால், வாய்த்த அண்டையாரோடு எவ்வாறு பழகுவது என்பது நம் கையில் உள்ளது. ஒரு பெரிய நாடும் ஒரு சிறிய நாடும் நட்புடன் வாழ்வதற்கு எது அடிப்படை? இந்திய – பூடான் உறவின் வழியே இவ்வினாவிற்கு விடை காண்போம்.

மலை கடந்த பயணம்

1958 செப்டம்பரில் இந்தியாவின் முதல் பிரதமர் ஜவகர்லால் நேரு பூடானுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 68. இந்தியாவிலிருந்து பூடானின் பாரோ பள்ளத்தாக்கிற்கு அந்நாளில் வண்டிச்சாலை இல்லை. சிக்கிமின் நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாதைகளில் பயணம் செய்தே அவர் பாரோவை அடைந்தார். பூடான் தனக்கு உகந்த வாழ்க்கைமுறையைத் தானே தேர்ந்துகொள்ளும் விடுதலை நாடாக விளங்க வேண்டும் என்பதே இந்தியாவின் விருப்பம் என அங்கு அவர் எடுத்துரைத்தார்.

இந்தியாவின் மக்கள்தொகை 140 கோடிக்கும் மேல். பூடானின் மக்கள்தொகை 8 இலட்சத்தை எட்டவில்லை. பூடானின் வடக்கே சீனா; மற்ற மூன்று பக்கங்களிலும் இந்தியா. கடற்கரை இல்லாத அந்நாடு, வெளியுலக வணிகத்திற்குப் பெரிதும் இந்திய மண்ணையே சார்ந்துள்ளது. இத்தகைய நிலையில் சிறிய நாட்டிற்கு இயல்பாகவே ஓர் அச்சம் எழும்: உதவும் கை, ஒருநாள் ஆளும் கையாக மாறிவிடுமோ?

ஓர் உறுப்பின் வரலாறு

இவ்வச்சத்திற்கு இந்தியா அளித்த விடையை இரண்டு உடன்படிக்கைகளில் காணலாம். 1949 ஆகஸ்டு 8 அன்று டார்ஜிலிங்கில் இரு நாடுகளும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. பூடானின் உள்நாட்டு ஆட்சியில் இந்தியா தலையிடாது. வெளியுறவில் பூடான் இந்தியாவின் அறிவுரைப்படி நடக்கும் என்று அதன் இரண்டாம் உறுப்பு கூறியது.

காலம் மாறியது. 1971இல் இந்தியாவின் ஆதரவுடன் பூடான் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று. உலக அரங்கில் தனக்கென ஓர் இருக்கை பெற்ற நாட்டிற்குப் பழைய உறுப்பு பொருந்தாததாயிற்று. 2007 பிப்ரவரி 8 அன்று புதுதில்லியில் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. அறிவுரைப்படி நடத்தல் என்னும் கருத்து நீங்கியது. நாட்டுநலன் சார்ந்தவற்றில் இருவரும் நெருங்கி ஒத்துழைப்பர் என்பது இடம்பெற்றது. தன் மண்ணை மற்றவரது பாதுகாப்பிற்குத் தீங்கு விளைவிக்கும் செயல்களுக்குப் பயன்படுத்த இருவருமே இடம்கொடார் என்பதும் சேர்க்கப்பட்டது. ஒருவருக்கு மட்டும் உரியதாயிருந்த கடமை, இருவருக்கும் பொதுவாயிற்று.

நீர் தந்த செல்வம்

1961இல் தொடங்கிய பூடானின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு இந்தியாவே நிதி வழங்கியது. சாலைகள் அமைந்தன. பின்னர், பனிமலையிலிருந்து பாயும் ஆறுகளின் மீது இரு நாடுகளின் பார்வையும் சென்றது. 336 மெகாவாட் திறன் கொண்ட சூக்கா நீர்மின் நிலையத்தை இந்தியா நன்கொடையாலும் கடனாலும் உருவாக்கித் தந்தது. பூடானின் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கியது. 1020 மெகாவாட் தாலா, 720 மெகாவாட் மாங்தேச்சு நிலையங்கள் பின்னர் எழுந்தன. கோடையில் பூடான் மின்சாரம் விற்கிறது; ஆறுகளில் நீர் குறையும் குளிர்காலத்தில் இந்தியாவிடமிருந்து வாங்குகிறது. கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு இங்கே மறைகிறது.

தெரிந்து தெளிவோம்

பூடானின் நாணயம் நுல்ட்ரம். 1974இல் அறிமுகமான இந்நாணயத்தின் மதிப்பு, இந்திய ரூபாயின் மதிப்பிற்குச் சமமாக வைக்கப்பட்டுள்ளது.

நட்பில் விழுந்த கீறல்

எந்த நட்பும் சோதனையின்றி வளர்வதில்லை. 2013 ஜூலையில், பூடானில் தேர்தல் நெருங்கிய வேளையில், சமையல் எரிவாயுவிற்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா வழங்கிவந்த மானியம் நின்றது. இந்தியாவின் வரவுசெலவில் அது மிகச் சிறிய தொகை. பூடானியரின் அடுப்படியிலோ அது பெருஞ்சுமை. தேர்தலில் தலையிடும் முயற்சியோ என்னும் ஐயமும் அங்கே எழுந்தது. மானியம் விரைவிலேயே மீண்டும் வழங்கப்பட்டது. எனினும், யானை எண்ணாமல் எடுத்துவைக்கும் அடியும் புல்லுக்குப் பேரிடியே என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

மறுக்கும் உரிமை

2015இல் வங்காளதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் எல்லை கடந்து வாகனங்கள் செல்வதற்கான ஒப்பந்தத்தில் திம்புவில் கையெழுத்திட்டன. அயல்நாட்டு வாகனங்கள் பெருகினால் சுற்றுச்சூழலும் உள்நாட்டு ஓட்டுநர்களின் பிழைப்பும் பாதிக்கப்படும் எனப் பூடானில் கவலை எழுந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவை 2016இல் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. மற்ற மூன்று நாடுகளும் தம் வழியே தொடரலாம் எனப் பூடான் கூறிவிட்டது. அதனால் இந்தியாவுடனான நட்பு முறியவில்லை.

ஆம் என்று சொல்லும் நண்பரை எவரும் விரும்புவர். இல்லை என்று சொன்ன பிறகும் நிலைக்கும் நட்பே மெய்யான நட்பு. பெரிய நாட்டின் பெருமை அதன் பரப்பிலும் படையிலும் மட்டும் இல்லை. தன் அருகில் வாழும் சிறிய நாடு அச்சமின்றித் தன் கருத்தைக் கூற முடிகிறதா என்பதிலும் இருக்கிறது. மாணவர்களே, உங்கள் வகுப்பறையிலும் வலியோரும் எளியோரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். நாடுகளுக்கு உரிய இவ்வறம் அங்கும் பொருந்துமா எனச் சிந்தித்துப் பாருங்கள்.