பற்றாசு

வெண்பா இலக்கணம் பயின்ற மாணாக்கர் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைப்பின், ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பது ஆசு. அணியின் பிளவைப் பொருத்தப் பொற்கொல்லன் இடும் பற்றாசினை ஒத்தலின் அதற்கு அப்பெயர். அச்சொல்லே குற்றத்தையும் உணர்த்தும். இணைப்பும் குற்றமும் ஒரு சொல்லுள் அடங்கிய விந்தையைப் பல்லாண்டு வகுப்பறையிற் கூறிவந்தோம்; அதனைக் கண்ணாற் கண்டது அண்மையில், பண்டத்தரிப்பில் உள்ளதொரு கராஜிலேயாம்.

எம்மிடம் முன்பு கற்ற ஒருவர் அங்கே கார்களின் உடற்றகட்டைத் திருத்தும் தொழில் புரிகின்றார். புதிய வெல்டிங் பொறி வாங்கும் கடனுக்கு எம்மைப் பிணை நிற்குமாறு வேண்டினார். "ஐயா, வாங்கிறது எண்டால் பெரிசாய் வாங்கத்தானே வேணும்?" என்றார். கைச்சாத்திடுமுன் பொருளறிதல் நன்றென எண்ணி, ஒரு முற்பகல் முழுதும் அவருடைய கராஜில் இருந்தோம்.

மாதகற் கடல் இவ்வூர்க்குச் சேய்மைத்தன்று. உப்புக்காற்றுப் பட்ட தகடு விரைவிற் கறள் பிடிக்கும். யாழ்ப்பாணத்தாரோ பழைய காரை எளிதிற் கைவிடாதவர். எரிபொருள் தடைப்பட்டிருந்த 1990களில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025இலேயே. ஆதலின் உள்ள தகட்டைக் காத்தல் ஈண்டு ஆடம்பரமன்று, பிழைப்பு.

அத்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பினது. புதிய கார்களில் அதனினும் மெல்லியது. படலைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் ஏற்ற கூர்வெல்டிங்குக்குரிய 2.5 அல்லது 3.2 மில்லிமீற்றர் கூரை இதன்மேல் வைத்தால், ஒட்டுக்கு மாறாக ஓட்டையே விழும். ஒட்சிசனும் அசெற்றிலீனும் கலந்தெரியும் சுவாலை 3000 பாகை செல்சியசைக் கடந்தது. அதன் சூடு பரந்து தகட்டை நெளிக்கும். கம்பியைத் தானே ஊட்டி, ஆகனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவாற் காக்கும் மிக் முறையே இவ்வேலைக்கு இயைவது. அதற்கும் 0.6 மில்லிமீற்றர்க் கம்பி வேண்டும். ஒரே கோடாக ஓட்டாது, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக இட்டு, இடையிடையே ஆறவிடல் வேண்டும்.

ஆகவே, ஒரு பொறி எத்துணை அம்பியர் வரை ஏறும் என்பதினும், எத்துணைக் கீழே இறங்கி நடுங்காது நிற்கும் என்பதே கேட்கத்தக்க வினா. இன்னும் சில உள. மூன்று கட்ட மின்சாரம் வேண்டும் பெரும்பொறி, 230 வோல்ற்று ஒற்றைக்கட்ட இணைப்பே உள்ள கராஜில் வெறும் பாரமாம். இருபது வீதப் பணிச்சுற்று என எழுதியிருப்பின், அந்த அம்பியரில் பத்து நிமிடத்துள் இரண்டே ஒட்டலாம். எஞ்சிய எட்டும் பொறி ஆறுதற்கு உரியவை. சோழகக் காற்று வீசுங் காலத்தில் திறந்த கொட்டிலிற் காப்பு வாயு கலைந்துவிடும். ஒட்டிலே துளைகள் தோன்றும். எனவே பொறியின் விலையோடு ஒரு மறைப்புச் சுவரின் செலவையும் எண்ணுதல் தகும்.

பெரிய பொறியின் விலையிற் பாதிக்குச் சிறியதொரு மிக் பொறி இருந்தது. அதனைக் கடைக்காரர் முன்னிலையிலேயே பழைய மட்காட் துண்டொன்றில், மிகத் தாழ்ந்த அளவில் வைத்து ஒட்டிப் பார்த்தார் எம் மாணாக்கர். பின்பு ஒட்டிய இடத்தைக் குறட்டாற் பற்றி முறுக்கினார். தகடு கிழிந்தது, ஒட்டு விடவில்லை. "இதுவே போதும், ஐயா" என்றார்.

நன்றாய் ஒட்டிய இடமும் தீதாய் ஒட்டிய இடமும் பூச்சின்கீழ் ஒருபடித்தாகவே தோன்றும். காரின் அடித்தகட்டில் இருக்கைப்பட்டி பற்றியுள்ள இடம் அத்தகையதாயின், ஆசு எப்பொருளில் நின்றதென்பது விபத்து நேரும் நாளிலேயே வெளிப்படும். அன்று அறிந்து பயனில்லை. இதனை உணர்ந்தவர் கையிற் பொறி இருத்தல் நன்று. பிணைப்பத்திரத்தில் மனமுவந்து கைச்சாத்திட்டோம்.