உத்திரமேரூர்ப் பக்கத்து மாலையும் நகைச்சுவைத் துணுக்குகளும்

குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நடவும் களையெடுப்பும் முடித்துத் திரும்புவோர் கால் நீட்டி அமர்ந்து வேடிக்கை நிகழ்ச்சி பார்க்கும் வழக்கம் மிகப் பழையதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிவிட்டபோதிலும், கூலிக் குடும்பங்களுக்குப் பெட்டி நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தமையால், வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அடுத்த வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குலப் பெட்டியை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அளித்து, பிறர் வாசலில் நிற்கும் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. அத்திட்டத்தின் பெரும்பேறு இதுவே எனலாம்.

பின்னர் வந்த ஆதித்யா, சிரிப்பொலி முதலிய அலைவரிசைகள், துணுக்கு முறையை, அதாவது கதையை விலக்கி நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டித் தொடுப்பதை, நாள் முழுவதற்கும் விரித்தன. முன்கதை தேவையில்லை என்பதால், ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சிக்கு நடுவே எழுந்துபோய் உலையில் அரிசியிட்டு வருபவரும், அடுத்த வசனத்தைக் கவுண்டமணிக்கு முன்னரே சொல்லிச் சிரிக்கிறார்.