கூலரா, ஏ.சி.யா? ஒரு ரயில்வேக்காரரின் கணக்கு

2024 ஜூன் 19-ஆம் தேதியை டெல்லிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று விடியற்காலை சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பநிலை 35.2 டிகிரி. இது அன்றைய அதிகபட்சம் அல்ல, குறைந்தபட்சம்! அன்று பிற்பகலே தலைநகரின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் அந்த அளவை எட்டியதே இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்ததில் எனக்கு வியப்பில்லை. இரவில்கூடத் தணியாத ஊரில் யார்தான் ஏ.சி.யை நிறுத்துவார்கள்?

பூமி சூடாவதைப் பற்றிப் பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். பேசட்டும், தேவைதான். நான் டிப்ளமா படித்துவிட்டு, ரயில்வேயில் மின்சார இன்ஜின்களோடு காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓரிடத்தில் எடுத்த சூடு எங்கே போய்ச் சேருகிறது என்ற கணக்கு ஒன்றுதான்.

ஒன்றரை டன் ஏ.சி. என்கிறோமே, அது அறையிலிருந்து சுமார் ஐந்து கிலோவாட் சூட்டை எடுக்கிறது. எடுப்பதற்குத் தான் தின்னும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட். இரண்டையும் சேர்த்து வெளியே துப்புகிறது. அதாவது, ஜன்னலுக்கு வெளியே ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கி வைத்ததற்குச் சமம். எங்கள் குடியிருப்பின் பின்சந்தில் நாற்பது வெளிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே, வேப்பமரத்தடியில், கரிப்பெட்டியை வைத்து நம் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் குடும்பம் ஒன்று நாள் முழுக்க நிற்கிறது. நமக்குக் குளிர்ந்தது அவர்கள் தலையில் இறங்குகிறது.

மின்சாரமும் வானத்திலிருந்து வருவதில்லை. பதர்பூர் அனல்மின் நிலையத்தை 2018 அக்டோபரில் மூடினார்கள். புகைபோக்கி நம் கண்ணில் படவில்லையே தவிர, தாத்ரியிலும் ஜஜ்ஜரிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு என் பதில் பழைய பதில்தான்: கூலர். நம்மவர்களில் புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதே இல்லை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, "கூலரா சார்? உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுமே!" என்றார். சென்னைக்கு அது சத்தியமான வார்த்தை. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதற்குமேல் தண்ணீர் எப்படி ஆவியாகும்? டெல்லியின் மே மாதம் வேறு சங்கதி. லூ அடிக்கும்போது வெப்பம் 43 டிகிரி, காற்றில் ஈரப்பதமோ பதினைந்து சதவீதம்தான் இருக்கும். அந்த வறண்ட காற்று நனைந்த தட்டி வழியே நுழையும்போது தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைக் காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. உள்ளே வரும் காற்று 27, 28 டிகிரிக்கு இறங்கிவிடும். இதற்கு ஆகும் மின்சாரம் 200 வாட் அளவில்தான், ஏ.சி. கேட்பதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தைதான். அந்தக் காலத்துப் பெரிய பங்களாக்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்ததும் இதற்காகவே.

கூலர் வைத்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏ.சி. போலவே கதவு ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டும் ஐயா! எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹோலி முடிந்ததும் தட்டியில் புதுப் புல் போட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, உலர விடுங்கள். 1996-இல் டெங்கு இந்த ஊரை ஆட்டிவைத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கொசுவுக்குக் கூலர் தொட்டி பிரியமான இடம். கூலர் தண்ணீர் குடிக்கும் என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கிறோம். மிச்சமாகும் நல்ல தண்ணீர் கூலருக்குப் போகிறது. இது என் சகதர்மிணியின் ஏற்பாடு. எனக்கு இதில் பெருமை ஏதும் இல்லை.

ஜூலையில் மழை வந்துவிட்டால் கூலர் வெறும் மின்விசிறிதான். அப்போது ஏ.சி. போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் மே மாதத்திலும் போடுங்கள். ஆனால் 18-இல் வைத்துக்கொண்டு ரஜாய் போர்த்துவது என்ன நியாயம்? 2020 முதல் விற்கும் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்திருக்கிறார்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அரசின் மின்சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 26-இல் வைத்து மேலே மின்விசிறியையும் சுழல விட்டால் தூக்கம் கெடாது.

வீணாகும் சூட்டைப் பற்றிப் பேசும்போது என் துறையை விட்டுவிட முடியவில்லை. முன்பெல்லாம் ரயிலை நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகிக் காற்றில் போய்விடும். டெல்லி மெட்ரோவில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேலே கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதே தடத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்காக 2007-இல் ஐ.நா.வின் கார்பன் திட்டத்தில் பதிவாகி, உலகிலேயே அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் என்ற பெயரும் வாங்கியது. ராஜீவ் சௌக்கில் இறங்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், நின்றுவிட்ட சக்கரத்தில் பழைய கருகல் வாசனை இருக்காது. ஊருக்குப் போகும்போதும் அவசரம் இல்லையென்றால் விமானத்தை விட்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். தயிர்சாத மூட்டையோடு இரண்டு இரவு, ஒரு பகல் போனதே தெரியாது. (ரயில்வேக்காரன் வேறு என்ன சொல்வான் என்று சிரிக்க வேண்டாம்.)

எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடியில் சூரியத் தகடு போடலாம் என்று பொதுக்குழுவில் சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் வடாம் எங்கே காய வைப்பது?" என்று ஒரு மாமி கேட்டார். சபையே சிரித்துக் கலைந்தது. கேள்வி நியாயமானதுதான், தகடுகளை ஆளுயரத்தில் சட்டம் கட்டி நிறுத்தி, தெற்கு ஓரத்தை வடாமுக்கு விட்டு, ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அதோடு இன்னொரு தீர்மானமும் கொண்டுபோகிறேன்: பின்சந்தில் தொங்கும் வெளிப்பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவது. குழாய் நீளச் செலவை வீட்டுக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட இதுவரை பதினோரு வீடுகள் சம்மதித்திருக்கின்றன.