மூளையில் குடியேறும் பாதரசம்

கொடைக்கானலில் ஆலை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மண்ணில் சிந்தியது இன்னும் பேசப்படுவது ஏன்?

2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது. கண்டுபிடித்தவர்களின் கணக்குப்படி 7.4 டன். அதில் ஒட்டியிருந்தது பாதரசம். அதே மாதம் ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து, இடுக்கி எல்லையை அடுத்த இந்த மலைக்கு 1980-களில் இடம்பெயர்ந்த ஆலை அது.

பாதரசம் விசித்திரமான விஷம். வெள்ளித் துளியாக விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். அதே துளி தரையில் சிந்தி ஆவியானால் கதை வேறு. சுவாசிக்கும் ஆவியில் 80 சதவீதம் அளவுக்கு நுரையீரல் ஏற்றுக்கொள்கிறது. ரத்தம் அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. ஆலைத் தொழிலாளர்களின் அச்சம் இதுதான்.

மூன்றாவது வடிவம்தான் மிக மோசமானது. ஏரியின் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்னத் தின்ன அதன் அளவு பெருகுகிறது. மீனோடு வயிற்றுக்குள் போவதில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் உறிஞ்சிவிடுகிறது.

மூளைக்குக் காவல் உண்டு. ஆனால் மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, மூளைக்குத் தேவையான மெத்தியோனின் போலத் தோற்றம் தருகிறது. காவல் ஏமாறுகிறது. உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேற ஏறக்குறைய 50 முதல் 70 நாள் ஆகும். மூளைக்குள் ஒரு பகுதி கரிமமற்ற பாதரசமாக மாறி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. நடையும் பார்வையும் உணர்வும் தடுமாறுகின்றன.

இதை உலகுக்கு முதலில் காட்டியவை ஜப்பானின் மினமாட்டாப் பூனைகள். 1950-களில் அங்கே மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன. 1959-ல் சிஸ்ஸோ ஆலையின் மருத்துவர் ஹொசோகாவா, கழிவுநீர் கலந்த உணவை ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதற்கும் அதே நோய் கண்டது. நிர்வாகம் அதை மறைத்தது. கழிவு நின்றது 1968-ல்தான். நோயின் அறிகுறி அதிகம் தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன.

கொடைக்கானலில் மினமாட்டா நேரவில்லை. ஆனால் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீன்களிலும் பாதரசம் இருப்பதாக 2006-ல் வெளியான ஆய்வு கூறியது. ஆலை நின்ற இடமோ பாம்பார் சோலையின் விளிம்பு. அந்தச் சோலையின் நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது.

2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016-ல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நோய்க்கு ஆலை வேலை காரணமல்ல என்பதே அதன் வாதம். மிச்சமிருந்தது மண். கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று வரம்பு வைக்கப்பட்டது. அது போதாது, இன்னும் கடுமை வேண்டும் என்றார்கள் சூழலியலாளர்கள். அவர்களது வாதத்தின் அடிப்படை எளிது: பாதரசம் மட்காது. மண்ணில் விட்டுவைப்பது மழையோடு நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும் போகும். மீனைத் தின்பவரின் மூளையில் போய் முடியும்.